தொற்றுக் காலத்தில் பச்சை உடம்புக்காரியின் மனம்

பிள்ளை பெற்ற பெண்ணின் மனம் தடுமாறுவதை மருத்துவம் மூன்றாகப் பிரிக்கிறது. முதலாவது, பிரசவமான மூன்றாம் நாள், நான்காம் நாள் வாக்கில் வரும் காரணம் தெரியாத அழுகை. பாதிக்கும் மேற்பட்ட தாய்மார்களுக்கு இது உண்டு. பக்கத்தில் ஆள் இருந்து, அவளைக் கொஞ்சம் தூங்கவும் விட்டால் இரண்டு வாரத்துக்குள் தானாக அடங்கிவிடும். இரண்டாவது, பேறுகால மனச்சோர்வு. இது இரண்டு வாரம் கடந்தும் விலகாது. குழந்தை தூங்கும் நேரத்திலும் தாய்க்குத் தூக்கம் வராது. சோறு இறங்காது, எதிலும் நாட்டமிருக்காது. பிள்ளையைப் பார்த்தால் ஒன்றுமே தோன்றவில்லையே, நானெல்லாம் ஒரு தாயா என்ற குற்ற உணர்வு உள்ளே அரித்துக்கொண்டிருக்கும். மூன்றாவது, பேறுகால மனப்பிறழ்வு. ஆயிரம் பிரசவத்தில் ஒன்றிரண்டு பேருக்கு, பெரும்பாலும் முதல் இரண்டு வாரங்களுக்குள் வருவது. தூக்கம் அடியோடு போய்விடும். சம்பந்தமில்லாத பேச்சு, காதில் குரல் கேட்பது, பிள்ளையை யாரோ மாற்றிவிட்டார்கள் என்ற சந்தேகம் எல்லாம் தலைகாட்டும். இதையும், கிருமித் தொற்றால் காய்ச்சல் கண்டு பிதற்றுவதையும் சேர்த்தே ஊர்ப்புறத்தில் ‘ஜன்னி’ என்பார்கள். எதுவாக இருந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய அவசரம் அது. மந்திரித்துக் கயிறு கட்டக் கூட்டிப்போனால் வீணாவது, தாயையும் பிள்ளையையும் காப்பாற்றக் கிடைத்த நேரம்.

பிரசவம் முடிந்த இரண்டு மூன்று நாளில் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் ஆகிய ஹார்மோன்களின் அளவு திடீரென்று விழுகிறது. ரத்தசோகை, தைராய்டு கோளாறு, துண்டு துண்டாகிப்போன தூக்கம் எல்லாம் அதோடு சேர்ந்துகொள்ளும். ஆனால் ஹார்மோன் எல்லாப் பெண்களுக்கும்தான் குறைகிறது. சிலர் மட்டும் ஏன் நோயில் விழுகிறார்கள் என்பதற்கான விடையில் பெரும்பங்கு வீட்டுக்குள்தான் இருக்கிறது.

இதைத் தமிழ்நாட்டுக் கிராமத்திலேயே அளந்து பார்த்திருக்கிறார்கள். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள், பக்கத்துக் கணியம்பாடி ஒன்றியத்தில் 359 பெண்களைக் கர்ப்பத்தின் கடைசி மாதங்களிலிருந்து தொடர்ந்து கவனித்து, 2002-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். பிரசவத்துக்குப் பிறகு புதிதாக மனச்சோர்வு கண்டவர்கள் 11 சதவீதம். அவர்களிடம் அதிகமாகத் தென்பட்டவை இவை: வீட்டில் வருமானம் குறைவு, ஆண் பிள்ளையை எதிர்பார்த்திருந்த இடத்தில் பெண் பிள்ளை, மாமியாரோடோ பெற்றோரோடோ மனக்கசப்பு, கர்ப்ப காலத்தில் நேர்ந்த துயரச் சம்பவங்கள், கைவேலைக்கு உதவ ஆளில்லாத நிலை. நாடு முழுவதும் நடந்த 38 ஆய்வுகளை, அதாவது 20,043 பெண்களின் விவரங்களை, ஒன்றாக வைத்துப் பார்த்த ஒரு தொகுப்பு உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் 2017-ல் வந்தது. அதன் கணக்குப்படி இந்தியத் தாய்மார்களில் 22 சதவீதம் பேருக்கு, அதாவது ஐந்தில் ஒருவருக்கு, இந்தச் சோர்வு இருக்கிறது. கொரோனா வருவதற்கு முந்தைய நிலவரம் இது.

கணியம்பாடிப் பட்டியலை ஊரடங்கு நாட்களோடு பொருத்திப் பார்த்தால் விஷயம் விளங்கிவிடும். வருமானம் நின்றது. சாவும் நோயும் பக்கத்து வீட்டுச் செய்தியாயின. நான்கு சுவருக்குள் எல்லோரும் அடைபட்டதில் கசப்புகள் கூடின. உதவிக்கு வர வேண்டியவர்கள் வர முடியவில்லை. வைரஸ் தொடாத தாய்கூட இத்தனையையும் சுமக்க வேண்டியிருந்தது.

சேலத்துக்கு மேலே சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஏற்காடும் அதைச் சுற்றிய சேர்வராயன் மலைக் கிராமங்களும் இதைப் புரிந்துகொள்ள ஏற்ற இடம். சுற்றுலா வருபவர்கள் பார்ப்பது ஏரி, படகு, லேடீஸ் சீட், காப்பித் தோட்டம். அதைத் தாண்டி மாரமங்கலம், வெள்ளக்கடை, செம்மநத்தம், நாகலூர், தலைச்சோலை, வாழவந்தி, மஞ்சக்குட்டை என்று ஊராட்சிகள் மலையெங்கும் சிதறிக் கிடக்கின்றன. அங்கே வாழ்பவர்களில் பெரும்பாலோர் மலையாளி என்னும் பழங்குடியினர். கேரளத்துக்கும் இவர்களுக்கும் தொடர்பில்லை, பேசுவதும் தமிழ்தான். சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் 1820-களில் இங்கே காப்பியைக் கொண்டுவந்ததிலிருந்து தோட்டக் கூலிதான் பல குடும்பங்களுக்குப் பிழைப்பு. பிந்தைய காலத்தில் விடுதி, படகுத்துறை, சாலையோரக் கடை என்று சுற்றுலாவும் சோறு போடத் தொடங்கியது.

மலையிலிருந்து சேலத்துக்கு இறங்கும் பாதை சுமார் 30 கிலோமீட்டர், 20 கொண்டை ஊசி வளைவுகள். ஏற்காட்டில் அரசு மருத்துவமனை உண்டு. கிராமங்களில் ஆரம்ப சுகாதார நிலையமும் துணை நிலையங்களும் உண்டு. சிக்கலான பிரசவம் என்றாலோ மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்றாலோ சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு இறங்கியாக வேண்டும். சாதாரண நாட்களிலேயே உள்கிராமத்துப் பெண்ணுக்கு அது ஒரு முழு நாள் வேலை: குழந்தையைத் துணியில் சுற்றி, துணைக்கு ஒரு ஆளைப் பிடித்து, பேருந்து நேரம் பார்த்து, அன்றைய கூலியையும் விட்டுப் போக வேண்டும்.

2020 மார்ச் 25-ல் நாடு தழுவிய ஊரடங்கு வந்ததும் அந்தப் பேருந்தும் நின்றது. ஜூன் மாதத்தில் கொஞ்ச காலம் ஓடியதைத் தவிர்த்தால், செப்டம்பர் 1 வரை தமிழ்நாட்டில் பொதுப் பேருந்து இல்லை. ஏப்ரல் 26 முதல் 28 வரை சேலம் மாநகரில் மளிகைக் கடைகூடத் திறக்காத முழு ஊரடங்கு. கோடைதான் ஏற்காட்டின் பிழைப்புக் காலம். 2020, 2021 இரண்டு ஆண்டும் கோடை விழா நடக்கவில்லை. 2021 ஜூனில் மற்ற மாவட்டங்களுக்குத் தளர்வுகள் வந்தபோதும், தொற்று குறையாத 11 மாவட்டங்களின் பட்டியலில் சேலம் இருந்தது. 108 ஆம்புலன்ஸ் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் மனசு சரியில்லை என்று 108-ஐக் கூப்பிடும் பழக்கம் எந்த ஊரிலும் இல்லை.

போக்குவரத்தைவிடப் பெரிய அடி ஒன்று உண்டு. தமிழ்க் குடும்பங்களில் தலைப்பிரசவம் என்றால் தாய்வீடு. அங்கே அந்தப் பெண்ணுக்குப் பத்தியச் சாப்பாடு, வெந்நீர் வைத்துக் குளிப்பாட்டல், பிரசவ லேகியம், ராத்திரி பிள்ளை அழுதால் தூக்கிக்கொள்ளத் தன் தாயோ பாட்டியோ. இந்த ஏற்பாட்டில் குறைகள் இல்லாமல் இல்லை. தண்ணீர் அதிகம் குடிக்கக் கூடாது, காய்கறி ஆகாது என்பது போன்ற பத்தியங்கள் பிள்ளை பெற்ற உடம்பை மேலும் வாட்டும். தீட்டு என்று தனி மூலையில் ஒதுக்குவது சில பெண்களுக்கு ஓய்வு, சிலருக்குச் சிறை. ஆனாலும் இதன் நடுவே இருப்பது ஓர் அருமையான விஷயம்: ஒரு மாதமோ மூன்று மாதமோ அந்தப் பெண்ணைக் கவனிப்பதையே வேலையாகக் கொண்ட ஒரு மனுஷி. கணியம்பாடி ஆய்வு சொன்ன ‘உதவ ஆளில்லாமை’க்கு நம் சமூகம் தானாகக் கண்டுவைத்திருந்த மருந்து இது.

ஊரடங்கின் தொடக்க மாதங்களில் மாவட்ட எல்லை தாண்ட அனுமதிச் சீட்டு வேண்டியிருந்தது. திருமணம், மரணம், மருத்துவ அவசரம் என்ற மூன்றே காரணங்கள் ஏற்கப்பட்டன. மகளின் பேறுகாலத்துக்குத் துணையிருக்கப் போகிறேன் என்பது அந்த மூன்றில் எதிலும் அடங்கவில்லை. சேர்வராயன் மலையின் வடக்குச் சரிவைத் தாண்டினால் தருமபுரி மாவட்டம். கொல்லிமலை நாமக்கல்லில் இருக்கிறது, ஜவ்வாது மலை திருவண்ணாமலை, திருப்பத்தூர் மாவட்டங்களில். மலையாளி மக்கள் இந்த மலைகளிலெல்லாம் பரவி வாழ்பவர்கள். வரைபடத்தில் ஒரு கோடு குறுக்கே நின்றதால் தாய் ஒரு பக்கமும் பிள்ளை பெற்ற மகள் மறு பக்கமும் இருக்க நேர்ந்தால், அது எந்தப் புள்ளிவிவரத்திலும் ஏறாது. விதிகளை வகுத்தவர்கள் யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை. பேறுகாலத் துணையை ஒரு சிகிச்சையாக யாரும் எண்ணிப் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

அச்சம் வேறு. 2020-ல் பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்தின் மருத்துவர்கள் நாடெங்கும் 118 மகப்பேறு மருத்துவர்களிடம், கர்ப்பிணிகளும் தாய்மார்களும் உங்களிடம் எதைச் சொல்லிக் கவலைப்படுகிறார்கள் என்று கேட்டார்கள். முதலிடத்தில் வந்தது ஆஸ்பத்திரிக்கு வந்துபோவதைப் பற்றிய பயம். பிள்ளைக்குத் தொற்றிவிடுமோ என்ற கவலையும் முன்வரிசையில் இருந்தது. சமூக ஊடகச் செய்திகளால் பெண்கள் கலங்கிப்போயிருப்பதாகப் பத்தில் நான்கு மருத்துவர்கள் சொன்னார்கள். வெளிநாட்டிலும் இதே கதைதான். கனடா ஆய்வாளர்கள் 900 பெண்களிடம் இணையம் வழியே நடத்திய ஓர் ஆய்வில், மனச்சோர்வின் அறிகுறிகள் இருந்தவர்கள் தொற்றுக்கு முன் 15 சதவீதம், தொற்றின்போது சுமார் 41 சதவீதம். முந்தைய நிலையை நினைவிலிருந்து சொல்லச் சொன்ன ஆய்வு என்பதால் அந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் அது போன திசையில் சந்தேகமில்லை.

பயத்தை வளர்த்ததில் மருத்துவ உலகின் தயக்கத்துக்கும் பங்குண்டு. தொற்று கண்ட தாயிடமிருந்து பிள்ளையைப் பிரித்து வைக்கும் வழக்கம் உலகில் பல இடங்களில் தொடக்கத்தில் இருந்தது. உலக சுகாதார நிறுவனம் 2020-லேயே தெளிவாகச் சொல்லிவிட்டது: தாய் முகக்கவசம் அணிந்து, கை கழுவிக்கொண்டு, தாய்ப்பால் கொடுக்கலாம், பிள்ளையைப் பக்கத்திலேயே வைத்திருக்கலாம். தடுப்பூசி விஷயத்திலும் தாய்மார்கள் காக்க வைக்கப்பட்டார்கள். பாலூட்டும் பெண்களுக்கு 2021 மே மாதமும் கர்ப்பிணிகளுக்கு ஜூலையிலும்தான் இந்தியாவில் அனுமதி வந்தது. போடலாமா கூடாதா என்ற குழப்பத்தில் கழிந்த அந்த மாதங்களில்தான் இரண்டாம் அலை வீசியது.

இவ்வளவுக்கும் நடுவில் மலைக் கிராமத்துத் தாயின் வாசலுக்கு வந்துகொண்டிருந்தவர்கள் கிராம சுகாதார செவிலியரும், ஆஷா என்னும் ஊர்ச் சுகாதாரப் பணியாளரும், அங்கன்வாடிப் பணியாளரும். சமவெளியில் ஆஷா அதிகம் இல்லாத தமிழ்நாட்டில், மலைப்பகுதிகளுக்கென்றே அவர்கள் அமர்த்தப்பட்டிருக்கிறார்கள். மருத்துவமனையில் பிறந்த பிள்ளையை 3, 7, 14, 21, 28, 42 ஆகிய நாட்களில் ஆஷா வீட்டுக்கே வந்து பார்க்க வேண்டும் என்பது தேசிய விதி. வந்ததும் பிள்ளையை எடை போடுவார், காய்ச்சல் பார்ப்பார், தொப்புளைப் பார்ப்பார், பால் சரியாகக் குடிக்கிறதா என்று விசாரிப்பார். தாயிடம் ரத்தப்போக்கு, காய்ச்சல் உண்டா என்று கேட்பார், இரும்புச்சத்து மாத்திரையைக் கையில் கொடுப்பார். ஆறு முறை வருகிறார். தாயின் மனசு எப்படி இருக்கிறது என்ற கேள்வி அந்த விசாரிப்பில் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை.

கேட்பது அப்படி ஒன்றும் கடினமான வேலையில்லை. உலகெங்கும் பயன்படும் எடின்பரோ வினாப்பட்டியல் 1987-ல் வந்தது. பத்தே கேள்விகள், கடந்த ஏழு நாட்களைப் பற்றியவை. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். அதன் தமிழ் வடிவத்தையும் வேலூர் மருத்துவர்களே 2005-ல் சோதித்துச் சரிபார்த்துவிட்டார்கள். பத்தாவது கேள்வி, தன்னையே ஏதாவது செய்துகொள்ளும் எண்ணம் வந்ததா என்பது. மற்ற ஒன்பதுக்கும் என்ன பதில் சொல்லியிருந்தாலும், இதற்கு ‘ஆமாம்’ என்றால் அந்தப் பெண்ணைத் தனியே விடக் கூடாது. பத்துக்கு நேரமில்லையென்றால் இரண்டு கேள்வி போதும் என்று பிரிட்டன் மருத்துவ வழிகாட்டிகள் சொல்கின்றன. மலைக் கிராமத்து வாசலில் நர்சம்மா அவற்றை இப்படிக் கேட்கலாம்: “போன ஒரு மாசமா மனசு சோர்ந்துபோய், எதுலயும் நம்பிக்கை இல்லாம இருந்துச்சாம்மா?” “முன்ன ஆசையா செஞ்சதெல்லாம் இப்ப செய்யப் பிடிக்கலையா?” கேட்கும் இடம் முக்கியம். ஒற்றை அறை வீட்டில் மாமியார் முன்னால் உட்கார்ந்து கேட்டால் “நல்லாத்தான் இருக்கேன்” என்ற பதில்தான் வரும். பிள்ளையை எடை போடும் சாக்கில் தாயை வெளியே அழைத்து வருவது ஒரு வழி. தொற்றுக் காலத்தில் திறந்த வெளி நோயிலிருந்தும் பாதுகாப்பு, பேச்சுக்கும் பாதுகாப்பு.

‘இருக்கிறது’ என்று தெரிந்துவிட்டால் அடுத்தது என்ன? ஒவ்வொரு மலைக்கும் ஒரு மனநல மருத்துவரை அனுப்புவது நடக்காத காரியம். அதற்கு ஒரு மாற்றை பாகிஸ்தான் பஞ்சாபின் கிராமங்களில் பேராசிரியர் அதிஃப் ரஹ்மானும் குழுவினரும் கண்டார்கள். நம் ஆஷாவைப் போன்ற, மனநலத்தில் முன்படிப்பு ஏதுமில்லாத கிராம சுகாதாரப் பெண்களுக்குக் குறுகிய பயிற்சி கொடுத்தார்கள். அவர்கள் கர்ப்பத்தின் கடைசி மாதத்திலிருந்தே வீட்டுக்குப் போய், பிரசவத்துக்குப் பிறகும் பல மாதம் தொடர்ந்து, மொத்தம் 16 முறை பேசினார்கள். தாயின் உடல்நலம், தாய்க்கும் பிள்ளைக்கும் உள்ள ஒட்டுதல், சுற்றியுள்ளவர்களோடு உறவு ஆகிய மூன்றைப் பற்றித்தான் பேச்சு. ‘என் பிள்ளை இளைத்துப்போகிறது, எல்லாம் என் தலையெழுத்து’ என்ற எண்ணத்தைப் பிடித்து, ‘இன்றைக்கு ஒரு வேளை என்ன செய்யலாம்’ என்று திருப்புவது. ஆறு மாதத்தில், இந்த உதவி கிடைத்தவர்களில் 23 சதவீதம் பேரிடம் மட்டுமே மனச்சோர்வு மிஞ்சியிருந்தது. கிடைக்காதவர்களிடம் 53 சதவீதம். 2008-ல் லான்செட் இதழில் வெளியான இந்த முறையை உலக சுகாதார நிறுவனம் தன் வழிமுறைகளில் சேர்த்துக்கொண்டது. பின்னர் கோவாவில், சக தாய்மார்களையே ‘சகி’களாகப் பயிற்றுவித்து இதன் எளிய வடிவத்தைச் செய்து பார்த்தார்கள். சேர்வராயன் மலைக்கு இதில் புதிதாக வேண்டியது பயிற்சி மட்டும்தான். வீடு வீடாகப் போகும் ஆட்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள்.

ஊரடங்கில் ஆள் வர முடியாதபோது தொலைபேசி ஓரளவு கைகொடுத்தது. ஆனால் மலையில் சில இடங்களில் மேடேறினால்தான் சிக்னல். பல வீடுகளில் ஒரே போன், அது கணவன் சட்டைப் பையில். அழைக்கும் செவிலியர் முதலில் கேட்க வேண்டியது, “இப்போ பேச முடியுமாம்மா, பக்கத்துல யாராவது இருக்காங்களா?” என்பதுதான். ஆம், இல்லை என்று பதில் சொன்னால் போதும் என்ற வகையில் கேள்விகளை அமைத்துக்கொண்டால், கூட ஆள் இருக்கும்போதும் பெண் தன் நிலையைச் சொல்லிவிட முடியும். அடி உதை நடக்கும் வீடுகளில் இது உயிர் காக்கும் உத்தி.

பேச்சால் தேறாதவர்களுக்கு மருந்து உண்டு. பாலூட்டும் தாய் மனச்சோர்வு மாத்திரை சாப்பிடவே கூடாது என்பது தவறான நம்பிக்கை. செர்ட்ரலின் போன்ற மருந்துகள் தாய்ப்பாலில் மிகக் குறைந்த அளவே கலக்கின்றன. மருத்துவர் பார்த்துக் கொடுக்கலாம். நோய் முற்றியவர்களைப் பிள்ளையோடு சேர்த்தே உள்நோயாளியாக வைத்துக் கவனிக்கும் பிரிவை நிம்ஹான்ஸ் 2009-ல் தொடங்கியது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமும், சிகிச்சை பெறும் தாயிடமிருந்து மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளையைப் பொதுவாகப் பிரிக்கக் கூடாது என்கிறது. பிள்ளைக்கு ஆபத்து என்று மருத்துவர் கருதும் நிலைமை மட்டும் விலக்கு.

தாயின் சோர்வு தாயோடு நிற்பதுமில்லை. வேலூர் மருத்துவர்கள் 2004-ல் வெளியிட்ட ஆய்வில், ஊட்டம் குறைந்த குழந்தைகளின் தாய்மார்களிடம் மனச்சோர்வு அதிகம் காணப்பட்டது. சத்துமாவு பாக்கெட்டை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்தும் பிள்ளை எடை ஏறவில்லையென்றால், எடைத்தட்டிலிருந்து பார்வையை எடுத்துத் தாயின் முகத்தையும் பார்ப்பது நல்லது.

குடும்பத்துக்கும் வேலை இருக்கிறது. ‘உலகத்துல இல்லாத பிள்ளையப் பெத்துட்டியா’ என்ற ஒற்றைப் பேச்சு ஒரு மாத ஆறுதலைக் கெடுத்துவிடும். ஊரடங்கில் வேலை போய் வீட்டிலிருந்த கணவன், ராத்திரி ஒரு வேளை பிள்ளையை வாங்கிக்கொண்டு மனைவியைத் தூங்கவிட்டால் அது மாத்திரைக்குச் சமம். பெண் பிள்ளை பிறந்த வீடு, இருபது வயதுக்குள் தாயான பெண், குறைமாதப் பிள்ளை, முந்தைய பிரசவத்திலோ வேறு சமயத்திலோ மனநோய் கண்டவர், வீட்டில் யாரையாவது தொற்றுக்குப் பறிகொடுத்தவர் ஆகியோரிடம் கூடுதல் கவனம் வேண்டும்.

அடுத்த தொற்று எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் அதற்கான விதிகளை இப்போதே எழுதி வைக்க முடியும். பிள்ளை பெற்ற பெண்ணுக்குத் துணையிருக்கப் போகும் ஒரு பெண்ணுக்கு, மாவட்ட எல்லை எதுவானாலும், அனுமதி தானாகக் கிடைக்க வேண்டும். செவிலியர், ஆஷாவின் வீட்டு வருகையை அத்தியாவசியப் பணியாக அறிவித்து, தொற்றுக் கணக்கெடுப்புக்கென்று அவர்களை முழுதாக இழுத்துவிடாமல் காக்க வேண்டும். ஆறு வருகைகளிலும் அந்த இரண்டு கேள்விகளும் சேர வேண்டும். இவற்றில் எதற்கும் புதுக் கட்டடமோ பெரிய நிதியோ தேவைப்படாது.

இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் சோர்வுக்கு 14416 என்ற எண்ணில் ‘டெலி மானஸ்’ மனநல உதவியைத் தமிழிலேயே எந்நேரமும் பெறலாம். 104-லும் ஆலோசனை உண்டு. வீட்டில் வன்முறை என்றால் 181. தாய் சம்பந்தமில்லாமல் பேசினாலோ, தன்னையோ பிள்ளையையோ ஏதாவது செய்துவிடுவேன் என்றாலோ தயங்காமல் 108-ஐ அழையுங்கள். வண்டி வரும்வரை அவளைத் தனியே விடாதீர்கள்.